சொன்ன சொல்லுக்குக் கையெழுத்து எப்போது?

மாண்புமிகு வெளியுறவுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். அணு ஆயுதச் சோதனையை மீண்டும் தொடங்கப்போவதாக 2025 அக்டோபர் இறுதியில் டிரம்ப் அறிவித்தாலும் அறிவித்தார், இங்கேயும் சிலர் மறுசோதனை வேண்டும் என்று பொக்ரானைத் தோண்டக் கிளம்பிவிட்டார்கள். 1998-ல் அங்கே சோதித்த ஹைட்ரஜன் குண்டு எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்று, அச்சோதனையில் பங்கேற்ற விஞ்ஞானி சந்தானம் 2009-ல் சொன்னதுதான் அவர்களுக்கு ஆதாரம். அதை அன்றே மறுத்தது அரசு. அந்த மறுப்பு உண்மையென்றால் மறுசோதனைக்கு வேலையே இல்லையே, ஐயா?

எந்த நாடும் அணுகுண்டைச் சோதிக்கக் கூடாது என்னும் முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தத்தில் (சி.டி.பி.டி.) 1996-ல் நாம் கண்ட குறைகளை நானும் மறுக்கவில்லை. வல்லரசுகள் தங்கள் குண்டுகளை ஒழிக்க அதில் காலக்கெடு கிடையாது. ஆனால் இனிச் சோதிக்கமாட்டோம் என்று 1998-ல் வாஜ்பாய் அரசு சொன்னது. 2008-ல் பிரணாப் முகர்ஜியும் அதையே உறுதிப்படுத்தினார். இத்தனை ஆண்டு காப்பாற்றிய சொல்லுக்குக் கையெழுத்துப் போட ஏன் தயக்கம்? கையெழுத்திடுங்கள் என்பதே என் கோரிக்கை.

பொக்ரான் தளத்தை ஒட்டிய கேத்தோலாய் கிராமம் தங்களுக்குத் தெரியாததல்ல. 1998-ல் சோதனை நாளன்று ராணுவத்தினர் வந்து எல்லோரையும் வீட்டைவிட்டு வெளியே நிற்கச் சொன்னார்கள். நிலம் குலுங்கியது, சுவர்கள் விரிசல் விட்டன. பிறகு ஊரில் புற்றுநோய் பெருகியதாகவும், மாடுகள் ஊனக் கன்றுகளை ஈன்றதாகவும் அந்த மக்கள் ஆண்டாண்டாகச் சொல்லிவருகிறார்கள். கதிர்வீச்சு கசியவே இல்லை என்கிறது அரசு. நல்லது. அப்படியானால் ஒரு மருத்துவக் குழுவை வீடு வீடாக அனுப்பி, கண்டதை ஊராரிடமே சொல்வதில் என்ன நட்டம்? நெவாடா சோதனைகளால் நோயுற்றவர்களுக்கு இழப்பீடு தர அமெரிக்காவே 1990-ல் சட்டம் போட்டது. நாமோ சோதனை நடந்த மே 11-ஐத் தேசியத் தொழில்நுட்ப நாளாக்கி விருது கொடுக்கிறோம். கேத்தோலாய்க்காரர்களுக்கும் ஒரு சால்வை போர்த்திவிட்டால் கணக்கு நேராகிவிடும் போலும்!

அந்தச் சோதனையை முன்னின்று நடத்திய கலாம் ராமேசுவரத்துக்காரர் என்ற பெருமை எங்களுக்கும் உண்டு. அதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? 1954-லேயே சோதனைகளை நிறுத்தச் சொல்லி உலகைக் கேட்டவர் நேரு. இன்று கையெழுத்தே போடாத நாடுகளில் வடகொரியா, பாகிஸ்தானோடு நாமும் நிற்கிறோம்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். வரும் கூட்டத்தொடரிலேயே இந்த ஒப்பந்தத்தை நாடாளுமன்ற விவாதத்துக்கு வையுங்கள், கையெழுத்திடுங்கள். அதற்குக் காத்திராமல் கேத்தோலாய்க்கு மருத்துவர்களை அனுப்பும்படி, தங்கள் சக அமைச்சர்களிடம் தாங்களே சொல்ல வேண்டுமாய்ப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்