‘பதிவு இல்லை’ என்று சொல்வதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வடஆற்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. பின்னர் வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாயிற்று. பழைய பதிவேடுகளிலோ எங்கள் முகவரிகள் ‘வட ஆற்காடு’, ‘வடஆர்க்காடு’, ‘வ.ஆ. மாவட்டம்’ என்று எழுதியவர் கைப்போக்கிலேயே கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஏற்றியிருந்த ஓர் அலுவலகத்தில் என் தாயாரின் பதிவைக் கேட்டபோது, ‘பதிவு இல்லை’ என்று கைவிரித்தார்கள். தரவுத்தளப் பணியே என் பிழைப்பு என்பதால், தேடும் எஸ்க்யூஎல் வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் கட்டளையை, பார்க்கலாமா என்று கேட்டேன். ஊழியர் முகம் சுளிக்காமல் காட்டினார்.

எழுத்து வேறுபாடுகளை எல்லாம், முன்னும் பின்னும் % குறியிட்டு, தனி அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். ‘லைக்’ (LIKE) என்ற கட்டளைச் சொல்லுக்கு % என்றால் ‘இங்கே எது வேண்டுமானாலும் வரலாம்’ என்று பொருள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த அட்டவணையைப் படிக்கும் உள்வினவலை, அதாவது வினவலுக்குள் வரும் வினவலை, ‘இன்’ (IN) என்ற கட்டளைச் சொல்லுக்குள் வைத்துவிட்டார்கள். ‘இன்’ முழுதாக ஒத்திருப்பதை மட்டுமே ஏற்கும். அதற்கு % வெறும் சதவீதக் குறி. ஆகவே இரு முனையிலும் சதவீதக் குறியுள்ள முகவரியைத் தேடி, கிடைக்காமல், பிழைச் செய்தி எதுவும் தராமல் வெறுங்கையோடு திரும்பியது. நேராக ‘லைக்’ போட்டிருந்தால், உள்வினவல் பல வரிசைகளைத் தருகிறது என்று பிழை காட்டி நின்றிருக்கும்; தவறு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒவ்வொரு முகவரிக்கும், அதற்குப் பொருந்தும் வடிவம் பட்டியலில் ஒன்றாவது உண்டா என்று ‘எக்ஸிஸ்ட்ஸ்’ வழியே கேட்டு, அதனுள் ‘லைக்’ வைப்பதே முறை. அவ்வாறு மாற்றியதும் தாயாரின் பெயர் திரையில் வந்தது.

இதிலும் கவனம் வேண்டும். பட்டியலில் ஒரு வரிசை வெறும் %% என்று தங்கிவிட்டால் எல்லா முகவரிகளும் பொருந்திவிடும். ‘ஆரணி’ என்று தேடினால் வேலூர் ஆரணி ரோட்டில் குடியிருப்பவர்களும் சேர்ந்து வருவார்கள். ‘லைக்’கில் ஏதேனும் ஓர் எழுத்துக்கு நிற்கும் அடிக்கோட்டுக் குறியோ (_) தமிழில் ஏமாற்றும்: நம் கண்ணுக்கு ‘ஆற்காடு’ நான்கெழுத்து, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணும் யூனிகோடு என்ற கணினி எழுத்துக் குறியீட்டு முறையில் அது ஏழு.

பொதுமக்களின் பதிவுகளைத் தேடித் தரும் அலுவலகங்கள் ‘இல்லை’ என்று அறிவிக்கும்போது, எந்தெந்த எழுத்து வடிவங்களில் தேடினார்கள் என்பதையும் அதே திரையில் காட்ட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.