எதற்குச் சுத்தம், எதுவரை சுத்தம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய ஆலை நிலங்களை ஒட்டி வீடு வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, "சுத்திகரிப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொண்டது. ஆலை விட்டுப்போன நச்சை நிலத்திலிருந்து அகற்றியாயிற்று என்று சொல்லும் அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டே நானும் என் மனைவியும் நான்கு மாதம் அலைந்தோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானை ஊற்றிக் கழுவிய பட்டறை ஒன்று நாங்கள் வீடு தேடிய இடத்தில் இருந்திருக்கிறது. மண்ணைத் தோண்டி அகற்றி, மேலே புது வீடுகள் கட்டிவிட்டார்கள். "அந்த நிலத்திலேயே எதற்கு? எதிர்த் தெருவில் ஒன்று இருக்கிறது, எல்லைக்கு வெளியே" என்றார் தரகர். எங்களுக்கும் அதுதான் நிம்மதியாகப் பட்டது.

அந்த வீட்டு வாசலை ஒட்டித் தரையோடு தரையாக ஓர் இரும்பு மூடி, உள்ளங்கை அகலம். பழைய தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்றார் தரகர். என் மனைவி குனிந்து செருப்பு நுனியால் மண்ணைத் தள்ளிப் பார்த்தாள். ஓர் எண் பொறித்திருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு எதற்கு எண்?

சுத்திகரிப்புக் கோப்பு கேட்டால் யாருக்கும் கிடைக்கக்கூடியதுதான். கேட்கத்தான் ஆளில்லை. அதிலிருந்த வரைபடத்தில் அதே எண், கண்காணிப்புக் கிணறு என்று; நிலத்தடி நீரை எடுத்துச் சோதிப்பதற்கான குழாய்க் கிணறு அது. பட்டறை நிலத்துக்குள் இருந்த கிணறுகளில் ஆண்டுக்கு ஆண்டு தண்ணீரில் கரைப்பானின் அளவு இறங்கியிருந்தது. இந்த ஒன்றில் மட்டும் ஏறியிருந்தது. நிலத்தடி நீர் அந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. தண்ணீருக்கு வேலி ஏது? சான்றிதழோ வேலி வரைக்கும்தான் பேசுகிறது.

இந்தக் கரைப்பான் தண்ணீரைவிடக் கனமானது. ஆழத்துக்கு இறங்கித் தங்கிவிடும். அங்கிருந்து ஆவியாகி, தரைத்தளத்து விரிசல் வழியே வீட்டுக்குள் ஏறும். குழாய்த் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதற்குப் பயனில்லை. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகையில் வைத்திருக்கிறது. தளத்துக்கு அடியில் உள்ள காற்றைச் சோதித்துப் பார்க்கிறோம், செலவு எங்களுடையது என்று கேட்டோம். வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். அத்தோடு அந்த வீட்டை விட்டோம்.

'சுத்தம்' என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. மண்ணில் எவ்வளவு நச்சு மிஞ்சலாம் என்று கிடங்குக்கு வைத்த வரம்பு வேறு. குழந்தை மண்ணில் உட்கார்ந்து விளையாடி விரலை வாயில் வைக்கும் வீட்டுக்கு வேண்டிய வரம்பு வேறு. கிணறு வெட்டக் கூடாது, மேலே போட்ட மண்ணை இத்தனை அடிக்குக் கீழே கிளறக் கூடாது என்று நிபந்தனைகளும் இருக்கும். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்.

நிபந்தனை எழுதியிருந்தும் ஏமாந்த கதை அமெரிக்காவின் லவ் கெனால். சுமார் 21,000 டன் ரசாயனக் கழிவு புதைத்த நிலத்தை ஒரு நிறுவனம் 1953இல் ஒரே ஒரு டாலருக்குப் பள்ளி வாரியத்துக்கு எழுதிக் கொடுத்தது. உள்ளே என்ன கிடக்கிறது என்பது பத்திரத்திலேயே இருந்தது. பிறகு பக்கத்தில் வீடு வாங்கியவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. 1978இல் அங்கே அவசரநிலை அறிவித்தார்கள். அவர்களில் பலருடைய வீடுகளும் குழியின் மேல் இல்லை, பக்கத்தில்தான் இருந்தன.

கடைசியில் நாங்கள் வாங்கியது பட்டறை நிலத்துக்குள்ளேயே ஒரு வீடு. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் இதற்குத்தான் மழைக்காலம், குளிர்காலம் என்று மாற்றி மாற்றி எடுத்த காற்று அளவுகள் இருக்கின்றன. ஒரே ஒரு நாள் எடுத்த அளவை நம்பியிருக்க மாட்டேன். தளத்துக்கு அடியிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேலே போகிறது. நடுவில் சின்ன விசிறி, ஓயாமல் ஆவியை இழுத்து வெளியே தள்ளுகிறது. குழாயின் பக்கத்தில் 'ப' எழுத்தைப் போல ஒரு கண்ணாடிக் குழல், உள்ளே நிறமேற்றிய திரவம். இரண்டு பக்கமும் மட்டம் ஒன்றாகிவிட்டால் விசிறி நின்றுவிட்டது என்று பொருள். காலையில் பல் துலக்கும்போது அதை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்