பல்கணியில் காகம் மட்டும்தானா?

ஆசிரியருக்கு,

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து அடுக்குமாடிகளில் மிஞ்சிய சோற்றையும் பாணையும் பல்கணிச் சுவரில் வைத்துவிட்டுக் குருவி வரவில்லையே என்கிறோம். விரத நாளில் காகத்துக்கு ஒரு பிடி வைப்பதில் குறையில்லை. நாள் முழுக்கக் கிடக்கும் சோறுதான் காகக் கூட்டத்தை அங்கேயே குடியிருத்துகிறது. பிறகு அக்கம்பக்கத்துக் கூடுகளில் முட்டையும் குஞ்சும் தப்புவது அரிது. இரவில் மீதியைத் தின்ன எலி வரும்.

காகம் காலூன்ற முடியாத இடத்தில் தீனி வைக்கவேண்டும். கறுப்புத் தலையும் வாலடியில் சிவப்பும் உள்ள கொண்டைக்குருவி ஏறக்குறைய 40 கிராம்தான். காகம் அதைப்போல் ஆறேழு மடங்கு. நன்கு கனிந்த கதலிப்பழத்தை ஒரு பக்கம் உரித்தோ, பப்பாசித் துண்டையோ மெல்லிய கொப்பின் நுனியில் கட்டுங்கள். காகம் அமர்ந்தால் கொப்பு வளையும். மரமில்லாத மாடியில் ஒரு முழக் கம்பியில் தொங்கவிடலாம். காகமும் லேசுப்பட்டதல்ல, பறந்தபடியே கொத்தப் பழகிவிட்டால் இடத்தை மாற்றவேண்டியதுதான்.

தானியத்துக்கு 4 சென்ரிமீற்றர் கண்ணுள்ள கம்பிவலைக் கூடு போதும். சிட்டுக்குருவியும் சில்லையும் உள்ளே நுழையும். புள்ளிப்புறா கீழே சிந்தியதைப் பொறுக்கும். தினை, குரக்கன், குறுநல் கலந்து இரண்டு மேசைக்கரண்டி வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் முடியாவிட்டால் மறுநாள் அளவைக் குறையுங்கள். தட்டின் அடியில் துளைகள் இல்லையென்றால் ஒரு மழைக்கே தானியம் பூஞ்சணம் பிடித்துவிடும். அதைக் காயவைத்துத் திரும்பப் போடாமல் கொட்டிவிட வேண்டும். பாண் வயிற்றை நிரப்புமே தவிரச் சத்தில்லை. உப்பிட்ட மிக்சரும் கறிச்சோறும் வேண்டவே வேண்டாம்.

வெயில் காலத்தில் தீனியைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் வரும். அகன்ற மண்சட்டியில் இரண்டு விரல் ஆழம், நடுவில் ஒரு தட்டைக் கல். டெங்குக்குப் பயந்து சட்டியையே எடுத்துவிடுவோர் உண்டு, அவசியமில்லை. பழைய தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதுதான் பலர் கவனிக்காதது. டெங்கு நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சட்டியின் உட்சுவரில் முட்டையிடும். அந்த முட்டை காய்ந்த சட்டியிலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாள் எடுக்கும். ஆகவே தினமும் தண்ணீரை மாற்றி, இரண்டு நாளுக்கொரு முறை உட்சுவரைத் தேங்காய்த் தும்பால் அழுத்தித் தேயுங்கள்.

தேன்சிட்டுக்குச் சீனித்தண்ணீர் வைத்தால் நம் சூட்டில் விரைவில் புளிக்கும், எறும்பும் மொய்க்கும். ஒரு செவ்வரத்தைச் செடி நட்டால் போதும். வளவுள்ளவர்கள் ஒரு மூலையிலாவது உதிர்ந்த இலையைக் கூட்டாமல் விடலாம். தவிட்டுக்குருவிகள் அதைக் கிளறித்தான் பூச்சி பிடிக்கின்றன. மரத்துக்குக் கிருமிநாசினி அடித்துவிட்டுப் பழம் கட்டுவதில் பயனில்லை. கொண்டைக்குருவியும் குஞ்சுக்கு முதலில் தேடுவது புழுவைத்தான்.

இப்படிக்கு,
வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06