பெயர் சொல்லாமல் போன அந்த ஐயாவுக்கு நன்றி

தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியான எங்கள் முதல் கேரவனையும் அதை இழுத்த பழைய டீசல் காரையும் நினைத்தாலே உங்கள் முகம்தான் வருகிறது, ஐயா. நெடுஞ்சாலையில் ஒரு லாரி கடந்த வேகத்தில் கேரவன் இப்படியும் அப்படியும் ஆடி, காரையே அலைக்கழித்தது. ஓரமாக நிறுத்தியதும் பின்னாலேயே வந்து இறங்கினீர்கள். தண்ணீர் கேன், கூடார மூட்டை என்று பின்பக்கம் இருந்த கனத்தையெல்லாம் எடுத்து, சக்கர அச்சுக்கு நேர் மேலே தரையோடு அடுக்கிக் கொடுத்தீர்கள்; காரோடு கேரவனை இணைக்கும் கொக்கியில் பாரம் குறைந்தால் வண்டி ஆடத்தான் செய்யும் என்றீர்கள். அப்புறம், "தம்பி, ஆடினால் பிரேக்கைப் போட்டு அழுத்தாதே, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடு, ஸ்டியரிங்கை நேராகப் பிடி" என்று நீங்கள் சொன்னதைத்தான் இன்றும் செய்கிறேன். கார் போய்விட்டது, கேரவன் இன்னும் ஓடுகிறது, பிள்ளைகள் விடுமுறையெல்லாம் அதில்தான் வளர்ந்தார்கள். ரொம்ப நன்றி ஐயா, எங்கிருந்தாலும் நல்லா இருங்க.