இரத்த ஓட்டத்துக்குப் பூண்டுக் குளிகை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வர்ம வைத்தியத்துக்குப் பேர்போன எங்கள் குமரி மாவட்டத்தில், கால் மரத்துப்போனால் தைலம் தேய்ப்பதோடு, இரத்த ஓட்டம் சீராகும் என்று பூண்டுக் குளிகைகளை விழுங்குவோரும் பலர். குழம்பில் சேரும் பூண்டால் கேடில்லை. ஆனால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தையோ, இரத்தக்குழாய் அடைபடாமலிருக்க ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்தபின் இரத்தம் கட்டாமலிருக்கத் தரப்படும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மருந்துகளையோ உட்கொள்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் செறிவான குளிகைகளைச் சேர்த்துக்கொண்டால், இரத்தக் கசிவு அபாயம் கூடக்கூடும். என் தாயாருக்கு ஈறில் கசிந்த இரத்தம் நிற்காத அந்த இரவில்தான் நான் இதை அறிந்தேன். வைட்டமின் கே-யின் செயலைத் தடுத்தே வார்ஃபரின் வேலை செய்வதால், அந்த வைட்டமின் மிகுந்த முருங்கைக்கீரையை ஒரு வாரம் மிகுதியாக உண்டு மறுவாரம் அறவே நிறுத்துவதும் இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைக் குலைத்துவிடும். மருந்துக்கடைகளும் நாட்டுமருந்துக் கடைகளும், வேறு என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று கேட்டபின்னரே இக்குளிகைகளை விற்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தக்கலை