சித்திரை வெயிலும் உடற்கூறியலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செவிலியர் படிப்பின் முதலாண்டுக்கு உடற்கூறியல் எடுக்கிறேன். எலும்பு, நரம்பு, இதயம், சிறுநீரகம் என்று மண்டலம் மண்டலமாக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வும் அப்படித்தான் கேட்கிறது. 1926-இல் அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் பெயர் சூட்டிய 'ஹோமியோஸ்டேசிஸ்', அதாவது உடல் தன் உள்நிலையைச் சீராக வைத்துக்கொள்ளும் தன்மை, முதல் பாடத்தில் ஒரு பத்தியாக வந்துவிட்டு அப்புறம் தலைகாட்டுவதே இல்லை.

நான் சித்திரை வெயிலில் பேருந்துக்கு நிற்பவரை வைத்துத் தொடங்குவேன். மூளையில் உள்ள ஹைப்போதலாமஸ் சூட்டை உணர்கிறது. தோலின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது, மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். நீர் குறைந்ததும் சிறுநீர் அதிகம் வெளியேறாமல் தடுக்கும் ஏடிஎச் ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகம் நீரைப் பிடித்து வைக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாவது அதனால்தான். ஒரே ஆளிடம் எத்தனை மண்டலங்கள் வந்துவிட்டன, பாருங்கள்!

"சரி மேடம், காய்ச்சல் ஏறும்போது மட்டும் ஏன் குளிருது?" என்றாள் ஒரு மாணவி. ஹைப்போதலாமஸ் தன் இலக்கை 37 டிகிரிக்கு மேல் உயர்த்திக்கொள்வதால், அதை எட்டும்வரை உடல் நடுங்கிச் சூட்டை உண்டாக்குகிறது. அருமையான கேள்வி, ஆனால் தேர்வில் அதற்கு மதிப்பெண் இல்லை. பாடத்திட்டம் வகுப்போர், ஒவ்வொரு மண்டலத்தின் முடிவிலும் இப்படி ஒரு நோயாளியின் நிலையையே கேள்வியாக வைக்கலாம்.

- செவிலியர் கல்லூரி ஆசிரியை, மதுரை