செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025: குட்டி வாங்கும் விலையும் கிடா விற்கும் எடையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, திருநெல்வேலிப் பக்கத்து மானூர், தேவர்குளம், வன்னிக்கோனேந்தல் சுற்று வட்டாரங்களிலிருந்து வந்திருக்கும் செம்மறி வளர்ப்போரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நமது சங்கத்தில் நடந்தவற்றைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். மாதக் கூட்டங்கள் ஐப்பசி நீங்கலாக எல்லா மாதங்களிலும் நடந்தன. ஐப்பசியில் மழை விடவில்லை. கூடிய நாட்களிலெல்லாம் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நின்றது. சந்தையில் கிடாக்குட்டி வாங்கி, மூன்று நான்கு மாதம் கொட்டிலில் தீனி போட்டு விற்றால் கையில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதே அக்கேள்வி. ஆகவே இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதாகவே இருக்கும்.

நம் பெரியவர்களுக்கு இக்கேள்வி எழுந்ததில்லை. தாய் ஆடுகள் சொந்தம். பங்குனியில் பிசான நெல் அறுப்பு முடிந்ததும், எருவுக்காக வயற்காடுகளில் ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை போட்டு, நிலக்காரரிடம் கிடைக்கூலியும் வாங்கி, தாள் மேய்ச்சலிலேயே குட்டிகளைத் தேற்றிவிடுவார்கள். குட்டிக்கென்று தனியாகக் காசு செலவழிக்காதபடியால் விற்ற பணம் முழுவதும் லாபமாகவே தோன்றியது. இன்று மேய்ச்சல் தரை பெரும்பாலும் கம்பிவேலிக்குள் போய்விட்டது. இளைய உறுப்பினர்கள் பலர் தாய் ஆடே இல்லாமல், பால்குடி மறந்த குட்டிகளை மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையிலோ எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையிலோ வாங்கி வந்து வளர்க்கிறார்கள். குட்டி, அகத்தி, பிண்ணாக்கு எல்லாமே விலைக்கு. அப்படியிருந்தும் கணக்கை மட்டும் பழைய கணக்காகவே போடுகிறோம்: வாங்கியது இவ்வளவு, விற்றது இவ்வளவு, இடையில் உள்ளது லாபம்.

தை மாதக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிப் பார்த்த கணக்கை இங்கே பதிவு செய்கிறேன். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. அவரவர் தமக்குரிய விலையைப் போட்டுக்கொள்ளலாம். 10 கிலோ குட்டியை 4,500 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்றால் கிலோ 450 ரூபாய் ஆகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் கூடினால் 110 நாளில் அது 22 கிலோ ஆகும். உயிர் எடை கிலோ 400 ரூபாய் வீதம் 8,800 ரூபாய் கிடைக்கும். சிறு குட்டிக்குக் கிலோ விலை அதிகமாகவும் தேறிய கிடாவுக்குக் குறைவாகவும் இருப்பது சந்தையின் இயல்பு. எனவே வாங்கிய பத்துக் கிலோவிலேயே 500 ரூபாய் இழப்போடு நாம் தொடங்குகிறோம். நாம் ஏற்றிய 12 கிலோதான் அந்த இழப்பையும் அடைத்து மற்ற எல்லாச் செலவையும் தாங்க வேண்டும்.

வாங்கியதற்கும் விற்றதற்கும் இடையில் 4,300 ரூபாய். நாளுக்கு 250 கிராம் அடர்தீவனம் கிலோ 30 ரூபாய் வீதம் 825 ரூபாய், பசுந்தீவனமும் கடலைக்கொடியும் நாளுக்கு 6 ரூபாயாக 660 ரூபாய், குடற்புழு மருந்துக்கும் மற்ற வைத்தியத்துக்கும் 100 ரூபாய், வண்டிக்கும் தரகுக்கும் சந்தைச் சுங்கத்துக்கும் 200 ரூபாய், இருபதில் ஒன்று சாகும் என்று ஒதுக்கினால் தலைக்கு 250 ரூபாய். இவை போக 2,265 ரூபாய் நிற்கிறது. இருபது குட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு அரைநாள் கூலி 250 ரூபாய் என்று வைத்தாலும் 110 நாளில் ஒரு குட்டியின் பங்குக்கு 1,375 ரூபாய் போய்விடும். கடைசியில் மிஞ்சுவது 890 ரூபாய். கூலியைக் கணக்கில் சேர்க்கலாகாது, வீட்டு ஆள்தானே பார்க்கிறார் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். அந்த வீட்டு ஆள் அவருடைய மருமகள் என்பதும், அந்நேரத்தில் அவர் பீடி சுற்றியிருந்தால் கூலி வந்திருக்கும் என்பதும் அங்கேயே சுட்டிக்காட்டப்பட்டன.

இந்த 890 ரூபாயை மனத்தில் வைத்துக்கொண்டு சந்தைக்கு வாருங்கள். விடியுமுன் வியாபாரி வந்து கிடாவின் குறுக்கில் கைவைத்து முதுகெலும்பைத் தடவுகிறார், வால் அடியை ஒரு பிடி பிடிக்கிறார், பின் பிறர் அறியாமல் விலை பேசத் துண்டுக்கடியில் தரகரின் விரலைப் பற்றுகிறார். அந்தக் கை ஆயிரக்கணக்கான ஆடுகளைத் தடவிய கை; எத்தனை கிலோ கறி விழும் என்பதை அது அறியும். 22 கிலோ ஆட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 10 கிலோவை ஒட்டியே கறி நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டு முடித்திருப்பார். நாமோ கண்மதிப்பில் 20 கிலோ இருக்கும் என்று தலையசைக்கிறோம். இரண்டு கிலோ தவறினால் 800 ரூபாய். நான்கு மாதம் அகத்திக் கட்டுச் சுமந்ததற்கு மீதம் 90 ரூபாய். வியாபாரி ஏமாற்றினார் என்று இதைச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதற்காகவே இவ்வாண்டு சங்க நிதியிலிருந்து தொங்கு தராசு ஒன்று வாங்கப்பட்டது. சாக்கை இரண்டாக மடித்து ஆட்டின் வயிற்றுக்கடியில் கொடுத்து, வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டு எடை பார்க்கிறோம். முதல் நாள் எடை பார்த்தபோது ஒருவரும் தம் ஆட்டின் எடையைச் சரியாகச் சொல்லவில்லை. பெரும்பாலோர் சிறு குட்டியைக் கூட்டியும் பெரிய கிடாவைக் குறைத்தும் சொன்னார்கள். வாங்கும்போதும் நஷ்டம், விற்கும்போதும் நஷ்டம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. நம்மிடமும் ஒரு குறை உண்டு. சந்தைக்குப் புறப்படுமுன் உப்புத் தவிடு தின்னக் கொடுத்து வயிறு முட்டத் தண்ணீர் காட்டுகிற வழக்கத்தைத் தராசு வந்தபின்னும் சிலர் விடவில்லை. வியாபாரி அந்த வயிற்றைப் பார்த்ததும் இரண்டு கிலோவைக் கழித்துவிடுகிறார். ஒழுங்காகக் கொண்டுவந்தவருடைய ஆட்டுக்கும் சேர்த்தே கழிக்கிறார். ஆகவே இராப்பட்டினிக்குப் பின் எடுத்த எடையை மட்டுமே சங்க ஏட்டில் பதிவது எனத் தீர்மானிக்கப்பட்டது.

எத்தனை கிலோவில் விற்பது என்பதிலும் கருத்து வேற்றுமை இருந்தது. நம்முடைய செவ்வாடும் கீழக்கரிசல் ஆடும் கம்பளி தராத மயிராடுகள், உடல்வாகு சிறியவை. இளம் வயதில் தின்பது சதையாகிறது. வளர்ச்சி நின்ற பிறகு தின்பது கொழுப்பாகிறது, அதற்குத் தீனியும் கூடுதலாக இழுக்கும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடை பார்த்தால், எடை ஏறுவது மந்தப்படும் பருவம் ஏட்டில் தெரிந்துவிடும். அதற்கு மேல் கட்டி வைத்திருப்பது, வரப்போகும் பண்டிகைக்காக என்றாலொழிய, வீண்.

பண்டிகையைப் பொறுத்தவரை நாம் இரண்டு நாட்காட்டிகளைப் பார்த்தாக வேண்டும். சுடலைமாடன் கோயில் கொடைகளும் ஆடி மாத நேர்ச்சைகளும் ஆண்டுதோறும் அதே மாதத்தில் வருகின்றன. பக்ரீத் ஆண்டுக்குப் பத்து முதல் பன்னிரண்டு நாள் வரை முன்னே நகர்கிறது. 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7. பழைய பழக்கத்தில் அதே மாதம் குட்டி வாங்கினால் பண்டிகை நம்மை முந்திவிடும். புரட்டாசியிலும், ஐயப்பனுக்கு மாலை போடும் கார்த்திகை மார்கழியிலும் கறிக்கடை மந்தமாகும். அப்போது விற்கப் போகாமல் வாங்கப் போவதே நமக்கு ஏற்றது.

பக்ரீத்துக்கு வளர்ப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குர்பானி என்னும் பலிக்கு வாங்குபவர்கள் வயது நிறைந்த, ஊனமில்லாத ஆட்டையே தேடுகிறார்கள். சென்ற ஆண்டு உறுப்பினர் ஒருவர் அடையாளத்துக்காகக் காதை ஆழமாக வெட்டியிருந்த நல்ல கிடாக்களை, வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட, மாலையில் கசாப்பு விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். இனி முதுகில் சாயம் பூசி அடையாளம் வையுங்கள். கொம்பு முறியாதபடி வண்டியில் நெருக்காமல் ஏற்றுங்கள்.

இழப்புகளில் என் மனத்தை விட்டு நீங்காதது தைப்பொங்கலுக்கு மறுநாள் நடந்தது. மிஞ்சிய பொங்கற்சோற்றை வீணாக்க மனமில்லாமல் உறுப்பினர் ஒருவர் வீட்டில் தொட்டியில் கொட்ட, கொழுத்த குட்டிகள் முண்டியடித்துத் தின்று, விடிவதற்குள் வயிறு உப்பிச் சில செத்துக் கிடந்தன. சோறும் தானியமும் திடீரென மிகுந்தால் வயிறு புளித்து நஞ்சாகும். கம்பு, மக்காச்சோளம் எதுவானாலும் இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன் போட்டுவிட வேண்டும். நன்றாகத் தின்று தேறும் குட்டியைத்தான் அந்நோய் முதலில் கொண்டுபோகிறது.

தோலுக்கு முன்போல் விலை இல்லை. எருவுக்கு வாழைத்தோட்டக்காரர்கள் தாமாகவே வந்து கேட்கிறார்கள். கொட்டில் எருவை இலவசமாகக் கொடுப்பதை உறுப்பினர்கள் நிறுத்த வேண்டும்.

தராசு ஒவ்வொரு திங்கட்கிழமையும் விடியற்காலையில் சங்கக் கட்டட வேப்பமரத்தடியில் இருக்கும். ஆட்டுக்கு முன்னிரவில் தீனியோ தண்ணீரோ கொடுக்காமல் கொண்டுவர வேண்டும். ஏட்டில் பெயர் எழுத 5 ரூபாய். தராசின் கொக்கி தேய்ந்துவிட்டது. அதை மாற்றும் செலவுக்கு அனுமதி தந்து, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவண்,
செயலாளர்